அரை டம்ளர் காற்று

செம்மண்டலத்துப் பஞ்சர் கடையை மூடியபோது
ஒன்பதாயிரத்துக்கு வாங்கிவந்தேன்.
மேலே நீலம், உரிந்த இடத்தில் பச்சை,
பச்சைக்கும் அடியில் ஆணியால் யாரோ கீறிய
'சு' என்று ஓர் எழுத்து.

புதுப்பாளையத்தில், படுக்கையறைக்குப் பின்னால்
பத்துக்குப் பன்னிரண்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்.
பைக் டேங்குக்கும் ஃப்ரிட்ஜ் கதவுக்கும்
ஸ்பிரே அடிப்பவன் நான்.
ஸ்விட்சைப் போட்டால்
சமையல் மேடையில் டம்ளர்கள் தாமாக நடந்து
விளிம்புக்கு வந்து நிற்கும்.
நம் வீட்டில் அதிகம் புழங்கும் சொல்
"என்னது"தான் என்பாள் வசுமதி.
"என்னது?" என்பேன்.

ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் தணிகாசலம்.
சிப்காட்டில் நைட் ஷிஃப்ட்.
வெயில் ஏறினால்தான் அவருக்கு ராத்திரி.
ஒரு நாளும் சண்டைக்கு வந்ததில்லை.
டேங்க் நிரம்பி மோட்டார் ஓயும் நாலு நிமிஷத்தில்
கட்டில் இழுபடுவது மட்டும் கேட்கும்:
கூடத்துக்கு, தெரு அறைக்கு,
கத்திரி வெயிலில் ஒருநாள் அடுப்பங்கரைக்கு.
அவ்வளவு சின்ன வீட்டில்
ஒரு மனுஷன் எவ்வளவு தூரம் போவார்?
திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.
கட்டிலுக்கு என்ன பதில் சொல்ல?

முதலில் கால்கள்.
லாரி மட்ஃபிளாப்பை வெட்டி நாலு நாலு அடுக்கு.
டம்ளர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.
சத்தம் அப்படியேதான்.

முதுகுப் பக்கம் குந்தி ஒரு மதியம் முழுக்கக் கேட்டேன்.
கத்தவில்லை அது,
மூச்சு வாங்குகிறது.
ஓட்டப்பந்தயத்தில் கடைசியாய் வந்தவன் மாதிரி
வாயால், வாயால், வாயால்.
பழைய மாருதியின் ஃபில்டர் டப்பாவை மாட்டி
இரண்டங்குல ஹோஸில்
மூக்கைக் கொல்லைக்கு நீட்டிவிட்டேன்.
முருங்கை மரம் திரும்பிப் பார்த்தது.
பாதி குறைந்தது.

பேராசை. பிளைவுட்டில் பெட்டி,
உள்ளே வசுமதியின் சீதன மெத்தையிலிருந்து இலவம் பஞ்சு
(அது தனிச் சத்தம், இங்கே எழுதவில்லை).
இருபது நிமிஷம் சொர்க்கம்.
அப்புறம் கருகல் வாடை, ட்ரிப்.
உள்ளே கைவைத்தால் தோசைக்கல்.

திறந்தால் இரைச்சல், மூடினால் காய்ச்சல்.
மூன்று வாரம் அப்படியே கிடந்தது.
கடைசியில் மேலொரு ஓட்டை, கீழொரு ஓட்டை,
இரண்டுக்கும் மூன்று மடிப்பில் பலகைச் சந்து,
மூலையில் ஒரு சின்ன விசிறி.
காற்று சந்து சந்தாய் வளைந்து போய்விடுகிறது.
சத்தத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை,
திருப்பத்துக்குத் திருப்பம் முட்டிக்கொண்டு
பஞ்சில் விழுந்துவிடுகிறது.

அன்றைக்குத்தான் கேட்டது
இன்னொன்று.
ஸ்ஸ்ஸ்.
சாரையோ என்று கம்பை எடுத்தேன்.
சோப்பு நுரையைத் தடவினால்
கப்ளிங் மூட்டில் கொழுக்கட்டை அளவு குமிழி
ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது.
ஆறு வருஷமாக ஒழுகியிருக்கிறது.
நிரப்பியதை விட்டு, விட்டதை நிரப்பி,
அதற்காகவே பாதி நாள் ஓடியிருக்கிறது.
அந்தக் கூச்சலில் இது யார் காதில் விழும்?
பத்து ரூபாய் டெஃப்லான் டேப், ஏழு சுற்று.
நாலு நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்தது
இப்போது அரைமணிக்கு ஒருதரம் இருமிவிட்டுப் படுக்கிறது.

சாயங்காலம் அடிவால்வைத் திறப்பேன்.
கடலூர்க் காற்றைப் பிழிந்தால்
அரை டம்ளர் தண்ணீர், துரு நிறத்தில்.
ஒருதரம் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
சொல்ல மாட்டேன்.

ஆடி இரண்டாம் செவ்வாய், மதியம் மூன்று.
கட்டில் மறுபடி இழுபட்டது.
ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன்.
அது வந்துகொண்டிருந்தது,
கூடம் தாண்டி, நிலை இடித்து,
என் சுவரில் மோதி நின்றது.
கொஞ்ச நேரத்தில் குறட்டை.
அப்படியொரு குறட்டை!
நின்று கேட்டுவிட்டு மெதுவாய்ப் போட்டேன் ஸ்விட்சை.

நானும் வசுமதியும் மட்டும்
இன்னும் கத்தியே பேசிக்கொள்கிறோம்.
ஆறு வருஷப் பழக்கம்.
உப்பு போதுமா, கேஸ் புக் பண்ணியாச்சா,
எல்லாம் கூரை அதிர.
நேற்று, முதன்முறையாக,
சுவரில் இரண்டு தட்டு.
"கொஞ்சம் மெதுவா பேசுங்க சார்."